சோம்பலும் சூழ்ச்சியும்

திருக்குறளில் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரம் உண்டு. மடி என்பது சோம்பல். அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில், அவை பத்தும் என்னை முன்னே நிறுத்தி வைத்துக்கொண்டு பாடப்பெற்றவை என்றே எனக்குத் தோன்றிற்று. ஆசிரியர் பொருள் விரித்துரைக்கும்பொழுதெல்லாம் மற்றப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கரும்பலகையைப் பார்ப்பேன். சோம்பல் குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு அன்றும் ஐயம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஆயினும், என் வாழ்நாளில் நான் செய்த ஒன்றிரண்டு உருப்படியான செயல்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால், அங்கே ஊக்கத்தைக் காணேன், சோம்பலையே காண்கிறேன். இஃது எவ்வாறு நேர்ந்தது என்று நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீண்ட தோட்டம் ஒன்று இருந்தது. அதன் ஒரு கோடியில் கிணறு. 1955-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் என் தந்தையார் அத்தோட்டத்தில் பன்னிரண்டு தென்னங்கன்றுகளை ஒரே வரிசையாக நட்டார். மழை நின்றது, பனி போயிற்று, மாசி வெயில் தொடங்கியதும் கன்றுகளுக்கு நீர் வார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாள் விட்டு ஒரு நாள், கன்றுக்கு இரண்டு குடம் நீர். "கன்று வாடினால் நீயும் வாட வேண்டியதுதான்" என்று தந்தையார் சொல்லிவிட்டு அலுவலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது.

முதல் மூன்று முறை ஒழுங்காகச் சுமந்தேன். நான்காம் முறை கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவன் சும்மா இராமல் கணக்குப் போடத் தொடங்கினேன். முதற்கன்று கிணற்றிலிருந்து பத்துத் தப்படித் தொலைவில் இருந்தது. அடுத்தது இருபது, அதற்கடுத்தது முப்பது. இப்படியே பன்னிரண்டாம் கன்று நூற்றிருபது தப்படி. இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டவும் எனக்குச் சோம்பலாக இருந்தது. அந்த வாரந்தான் எங்கள் கணக்காசிரியர் காஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதையைப் பற்றி ஒரு கதை சொல்லியிருந்தார். 1777-இல் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபொழுது, நீண்ட வரிசையாக எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னாராம் ஆசிரியர். மற்றப் பிள்ளைகள் பலகையில் கிறுக்கிக்கொண்டிருக்க, காஸ் முதலெண்ணையும் கடையெண்ணையும் இணைத்து, இரண்டாம் எண்ணையும் அதற்கு எதிர்முனை எண்ணையும் இணைத்து, எல்லா இணைகளும் ஒரே தொகையாக வருவதைக் கண்டு நொடியில் விடை சொல்லிவிட்டாராம். அக்கதை என் நினைவுக்கு வந்தது. பத்தும் நூற்றிருபதும் நூற்று முப்பது. இருபதும் நூற்றுப்பத்தும் நூற்று முப்பது. அவ்வாறு ஆறு இணைகள்; மொத்தம் 780 தப்படி. போக ஒருமுறை, வர ஒருமுறை. கன்றுக்கு இரண்டு குடம். ஆகவே நான்கு மடங்கு. 3120 தப்படி! தப்படிக்கு இரண்டரை அடி என்று கொண்டால் ஏறக்குறைய ஒன்றரை மைல். அதிற் பாதி தோளில் நிறைகுடத்தோடு.

இந்த விடை கிடைத்ததும் என் சோர்வு இரட்டிப்பாயிற்று. அன்று எட்டுக் கன்றுகளோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி நான்கு கன்றுகளும் வெயிலில் நின்றன.

மறுநாட் பிற்பகலில் கூடத்து மூலையில் படுத்திருந்தேன். அம்மூலையில்தான் குடிநீர்ப் பானை இருக்கும். அக்காலத்தில் வீடுகளில் தரையில் ஆற்றுமணலைப் பரப்பி, அதன்மேல் பானையை வைப்பது வழக்கம். மண்பானை நீரைக் கசியவிடும். கசிந்த நீர் ஆவியாகும்பொழுது உள்ளேயுள்ள நீர் குளிரும். எஞ்சிய ஈரம் மணலில் இறங்கும். பானைக்கு அருகே படுத்தால் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்காகவே நான் அங்கே படுப்பது. அன்று கண்ணைத் திறந்தபொழுது, என் மூக்குக்கு நேரே, அந்த மணலில் ஒரு பச்சைப்பயறு முளைவிட்டு இரண்டு இலைகளோடு நின்றது. எவரோ சிந்திய பயறு. அதற்கு எவரும் நீர் வார்க்கவில்லை. பானை தானாக வார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே பரணில் கிடந்த பழைய சமையற்பானை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டாம் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்தேன், நீரை நிரப்பினேன், ஓட்டுத்துண்டால் மூடினேன். மூன்று நாள் சென்று பார்த்தேன். பானையில் நீர் வார்த்தபடியே இருந்தது, கன்று வாடியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தந்தையார் கண்ணில் படுவதற்கு முன்னே இரண்டு குடம் நீரை வேரில் ஊற்றிவிட்டு, இந்தத் தோல்வியை என் தமக்கையிடம் சொன்னேன். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆட்டுக்கல்லின் முன்னே உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே, "சமைத்த பானை எண்ணெயும் புகையும் குடித்துக் கண் அடைத்துப் போயிருக்கும், தம்பி. தண்ணீர்ப் பானைகூடப் புதிதாய் இருக்கும்பொழுதுதானே நன்றாக வியர்க்கும்? புதுப்பானை வாங்கு" என்றாள்.

அவள் சொன்னதே சரி. அம்மா அஞ்சறைப்பெட்டியிலிருந்து பன்னிரண்டணா எடுத்துக் கொடுத்தாள். குயவர் தெருவிலிருந்து பன்னிரண்டு புதுப்பானைகள் வந்தன. ஒவ்வொரு பானையும் ஒரு குடம் நீர் கொள்ளும். அந்நீர் மெல்லக் கசிந்து இறங்க ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். மண் காய்ந்திருக்கும்பொழுது பானையிலிருந்து நீரை மிகுதியாக இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்பொழுது குறைவாக இழுக்கும். மேலே ஊற்றிய நீர்போல வெயில் குடித்துப் போவதும் இல்லை; வழிந்தோடுவதும் இல்லை. நான்கு நாளைக்கு நாற்பத்தெட்டுக் குடம் சுமந்தவன் பன்னிரண்டு குடம் சுமந்தேன். இந்த முறையைச் சீன நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் உழவு நூலில் எழுதி வைத்துள்ளார்கள் என்பதைப் பிற்காலத்திற் படித்தபொழுது என் பெருமை பாதி கரைந்தது. மீதிப் பாதி கரைந்த கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஒரு மாலை தந்தையார் வழக்கத்தைவிட விரைவாக வீடு திரும்பினார். நீர் வார்க்கும் நேரத்தில் நான் மாமரத்தடியில் மல்லாந்து கிடப்பதைக் கண்டார். முகம் சிவந்தது. ஒன்றும் பேசாமல் வரிசையின் கடைசிவரை நடந்தார். ஒவ்வொரு கன்றின் அடியிலும் விரலை மண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். ஓட்டுத்துண்டை நீக்கிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர், "மூன்றாம் கன்றின் பானை கொஞ்சம் மேலே நிற்கிறது, இன்னும் இறக்கிப் புதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னைப் பாராட்டியது என் நினைவில் அந்த ஒருமுறைதான்.

சுறுசுறுப்பான பிள்ளை ஒருவன் என் இடத்தில் இருந்திருந்தால், நாளும் ஒன்றரை மைல் நடந்து கன்றுகளை வளர்த்திருப்பான். நல்ல பெயரும் பெற்றிருப்பான். ஆனால் அவன் தப்படியை எண்ணியிருக்க மாட்டான். உழைப்பவன் வேலையை முடிப்பதிலே கண்ணாக இருக்கிறான். சோம்பலுடையவனோ அவ்வேலை தன்னிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்தக் கணக்கு சில வேளைகளில் பயன்படுகிறது.

இதனை நன்கு அறிந்திருந்தவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த பிராங்க் கில்பிரெத் என்பவர். 1868-இல் பிறந்த அவர், 1885-இல் பாஸ்டன் நகரில் கொத்து வேலை பழகச் சேர்ந்தார். செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவது மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் தொழில். அதில் புதிதாகக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எவரும் நினைப்பர். ஆனால் அந்த இளைஞர் ஒன்றைக் கவனித்தார். ஒரு கொத்தர் செய்வதுபோல் மற்றொருவர் செய்வதில்லை. அதுமட்டுமன்று, ஒரே கொத்தர் விரைவாக வேலை செய்யும்பொழுது ஒருவிதமாகவும், மெதுவாகச் செய்யும்பொழுது மற்றொருவிதமாகவும், பிறனுக்குக் கற்றுக்கொடுக்கும்பொழுது இரண்டும் அல்லாத வேறொருவிதமாகவும் கையை அசைக்கிறார்! இவற்றுள் எது சிறந்தது? கேட்டதற்கு விடை சொல்வார் இல்லை.

கில்பிரெத் அசைவுகளை எண்ணத் தொடங்கினார். கொத்தர் சாரத்தின்மேல் நிற்கிறார். செங்கல்லும் சாந்தும் அவர் காலடியில் கிடக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் அவர் குனிய வேண்டும், நிமிர வேண்டும். ஒரு கல்லின் எடை ஏறக்குறைய ஐந்து பவுண்டு. அதனை எடுப்பதற்காக நூற்றைம்பது பவுண்டு எடையுள்ள தம் உடம்பை இரண்டடி தாழ்த்தி, மீண்டும் இரண்டடி உயர்த்துகிறார். இவ்வாறு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை. கல்லைவிட அவர் தம்மையே தூக்கித் தூக்கிக் களைத்துப் போனார் என்பதே உண்மை. கில்பிரெத் சாரத்தின்மேல் இடுப்புயரத்தில் ஒரு பலகையை அமைத்துக் கற்களை அதன்மேல் வைத்தார். சுவர் உயர உயரச் சாரமும் உயர்ந்தது. கொத்தர் ஒவ்வொரு கல்லையும் கையில் புரட்டி நல்ல முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வேலையைக் கீழே உள்ள ஆளே முன்கூட்டிச் செய்து, நல்ல விளிம்பு மேலே இருக்கும்படி மரச்சட்டத்தில் அடுக்கி அனுப்பும்படி செய்தார். கல்லை வைத்தபின் கரண்டியின் காம்பால் தட்டித் தட்டி அமர்த்துவார்கள். சாந்தின் பதத்தைச் சிறிது மாற்றியதும் கையால் அழுத்தினாலே கல் அமர்ந்தது. ஒரு கல்லுக்குப் பதினெட்டாக இருந்த அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. ஒரு மணி நேரத்தில் ஒருவர் 120 கற்கள் வைத்துவந்த இடத்தில் 350 கற்கள் வைத்தார். இச்செய்தியை டெய்லர் என்னும் அறிஞர் 1911-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

கில்பிரெத்துக்குப் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் இருவர் தம் தந்தையைப் பற்றி 1948-இல் ஒரு நூல் எழுதினர். அதில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. அவர் ஒரு தொழிற்சாலைக்குப் போனால், அங்கே மிகத் திறமையான தொழிலாளி யார் என்று கேட்பதில்லையாம். உடம்பு அரித்தாலும் சொறிந்துகொள்ளச் சோம்பும் ஆள் எவனேனும் இருந்தால் அவனைக் காட்டுங்கள் என்பாராம். அத்தகையவன் ஓர் அசைவைக்கூட வீணாக்க மாட்டான் என்பது அவர் கருத்து. தம் மேற்சட்டைப் பொத்தான்களை அவர் கீழிருந்து மேலாகவே இடுவார். மேலிருந்து கீழாக இட ஏழு நொடி, கீழிருந்து மேலாக இட மூன்று நொடி. இரண்டு சவரக் கத்திகளை இரு கைகளிலும் பிடித்துச் சவரம் செய்து பார்த்தார். நாற்பத்துநான்கு நொடி மிச்சமாயிற்று. ஆனால் கழுத்தில் பட்ட வெட்டுக்குக் கட்டுப்போட இரண்டு நிமிடம் ஆயிற்று. அத்தோடு அம்முயற்சியைக் கைவிட்டார். அவருக்கு வருத்தம் தந்தது வெட்டுக்காயம் அன்று, வீணான அந்த இரண்டு நிமிடமே என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

அவருடைய சவரக் கத்தியைப் போன்ற அனுபவம் எனக்கும் உண்டு. கடைக்கு இருமுறை நடக்கச் சோம்பி, மாதச் சாமான் முழுவதையும் ஒரே நடையில் கொண்டுவர முயன்றேன். தலையில் அரிசிமூட்டை, இடக்கையில் பருப்பும் புளியும், வலக்கையில் நல்லெண்ணெய்ச் சாடி. வாயிற்படியில் கால் இடறிற்று. அரிசி பிழைத்தது. எண்ணெய் தெருவரை ஓடிற்று. அதைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் கடைக்கு நான்குமுறை போய் வந்திருக்கலாம். துடைத்தது நான் அல்லேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோம்பலால் விளைந்த நன்மைகளாக உலகில் வழங்கும் கதைகள் பல. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதற்காக நியூகோமென் என்பவர் இங்கிலாந்தில் 1712-இல் நீராவி எந்திரம் ஒன்றை அமைத்தார். அத்தகைய எந்திரங்களில் அடைப்பிதழ்களை உரிய நேரத்தில் திறக்கவும் மூடவும் ஒரு சிறுவனை அமர்த்துவார்களாம். தோழர்களோடு விளையாட விரும்பிய சிறுவன் ஒருவன், அடைப்பிதழின் பிடியை எந்திரத்தின் மற்றோர் உறுப்போடு கயிற்றால் பிணைத்துவிட்டானாம். எந்திரம் தன்னைத்தானே இயக்கிக்கொண்டது. அவன் விளையாடப் போய்விட்டான். ஆடம் ஸ்மித் என்னும் பொருளியல் அறிஞர் 1776-இல் எழுதிய பெருநூலில் இக்கதையைக் கூறுகிறார். வரலாற்று ஆராய்ச்சியாளர் இதனை முழுதும் நம்புவதில்லை. எனக்கோ நம்ப ஆசையாக இருக்கிறது. பாஸ்கல் 1642-இல் கூட்டற்கருவி ஒன்றைச் செய்ய முனைந்தது, வரிக் கணக்குகளோடு இரவு பகலாகப் போராடிய தம் தந்தையின் சுமையைக் குறைப்பதற்காக. இது கதையன்று, வரலாறு. நம் காலத்துக்கு அண்மையில் வந்தால், கணிப்பொறிக்கு ஆணைகளை ஒவ்வொன்றாக எண்களில் எழுதிக்கொண்டிருப்பதில் சலிப்புற்ற ஜான் பாக்கஸ் என்பவர், தம் குழுவினரோடு சேர்ந்து 'ஃபோர்ட்ரான்' என்னும் கணிப்பொறி மொழியை 1957-இல் உருவாக்கினார். தம் பணிகளுட் பல, தம் சோம்பலிலிருந்தே பிறந்தவை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். பெரியோர் ஒருவர் வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்பது என் போன்றோர்க்கு எவ்வளவு ஆறுதல்!

ஆனால் இவர்களிற் பாஸ்கல் ஒருவரைத் தவிர மற்றவரெல்லாம் தம் தோளில் இருந்த சுமையையே இறக்கிவைத்தவர்கள். பாஸ்கல் தம் தந்தையின் சுமையைப் பார்த்தார். இந்த வேறுபாடு எனக்கு நெடுங்காலம் கண்ணிற் படவில்லை. என் பெருமையின் மீதிப் பாதி கரைந்தது இங்கேதான்.

தென்னங்கன்றுக்குப் பானை புதைத்த அதே ஆண்டில் அம்மாவுக்கு வலத் தோளில் வலி கண்டது. கை மேலே எழும்பவில்லை. எங்கள் வீட்டில் ஏழு பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் தோசைக்கு ஆட்ட வேண்டும். இக்காலத்துப் பிள்ளைகள் பலர் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆகவே சொல்லுகிறேன். நடுவே குழியுள்ள கனமான கல். அக்குழியில் நிற்கும் குழவி. ஒரு கையால் குழவியைச் சுற்ற வேண்டும். மற்றொரு கையால், விளிம்புக்கு ஏறிவரும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளும் விரல் ஒருகணம் பிந்தினால் குழவிக்கும் கல்லுக்கும் நடுவே அகப்படும். உளுந்து நுரைத்துப் பொங்கும்வரை விடக்கூடாது. இடையிடையே நீர் தெளிக்க வேண்டும். உளுந்து முடிந்தால் அரிசி. பிறகு கல்லைக் கழுவி, அந்நீரையும் வீணாக்காமல் மாவில் சேர்க்க வேண்டும். எல்லாமாக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

ஊரில் மற்ற வேலைகளுக்கெல்லாம் எந்திரம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வயற்கிணறுகளில் கவலைமாடுகள் இருந்த இடத்தில் எந்திரத்தின் ஒலி கேட்கலாயிற்று. நெல் ஆலை வந்து உலக்கைக்கு ஓய்வு கொடுத்தது. எங்கள் ஆட்டுக்கல் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதன் முன்னே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபொழுது என் தமக்கை போகவில்லை. எட்டாம் வகுப்பில் அவள் தேறியிருந்தாள். கணக்கில் நல்ல எண்களே பெற்றிருந்தாள். அவளுடைய புத்தகங்கள் எனக்கு வந்தன. அவற்றில் அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

ஆட்டுக்கல்லில் நான் உட்காரலாம் என்று அவ்வீட்டில் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்றரை மைல் நடையைத் தப்படி தப்படியாக எண்ணியவன், பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த குழவியின் சுற்றுக்களை ஒருநாளும் எண்ணியதில்லை. ஏனெனில் அது என் கையை வலிக்கச் செய்யவில்லை. பானை ஏன் கசியவில்லை என்பதை எனக்கு விளக்கியவளே அவள். அந்த அறிவு அவளிடம் இருந்தது. ஆனால் மாமரத்தடியில் மல்லாந்து கிடந்து சிந்திக்க அவளுக்கு நேரம் இல்லை. அப்படிக் கிடந்தால் தந்தையார் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகவும் மாட்டார். வேலையைச் சுருக்கும் வழியைக் காணச் சோம்பல் மட்டும் போதாது; சோம்பியிருக்க உரிமையும் வேண்டும். அவ்வுரிமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே இருந்தது. நான் 'சூழ்ச்சி' என்று எண்ணி மகிழ்ந்தவற்றுட் பல, உண்மையில் என் வேலையை அவள் மேல் தள்ளியவையே. தெருவில் ஓடிய எண்ணெயைத் துடைத்தது அவள்தான்.

கில்பிரெத் 1924-இல் இறந்தார். அவர் மனைவி லில்லியன் உளநூலில் பேரறிஞர் பட்டம் பெற்றவர். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளை ஆராய்ந்தவர், பின்னர்ச் சமையலறையைத் தம் ஆராய்ச்சிக்களமாக்கிக்கொண்டார். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பெண்கள் நடக்கும் அடிகளை எண்ணினார். மேடையின் உயரத்தை அளந்தார். பதினொரு பிள்ளைகளைத் தனியே வளர்த்தவருக்கு அவ்வேலையின் அருமை தெரிந்திருந்தது. அவரைப் போன்ற ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், கொத்தரைவிடக் கடுமையாகக் குனிந்து நிமிர்பவள் யார் என்று எங்களுக்குக் காட்டியிருப்பார்.

மாவரைக்கும் எந்திரம் கோயம்புத்தூரில் 1955-இல் உருவாகிவிட்டது என்பர். நாங்கள் குடியிருந்த ஊருக்கு அச்செய்தி அப்பொழுது எட்டவில்லை. அதனைச் செய்தவர்கள் கண்ட நுட்பம் எளியது. ஆனால் எனக்கு இன்றும் வியப்பைத் தருவது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். எந்திரத்திலோ குழவியை ஒரு பிடியால் நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழற்றிவிட்டார்கள். எத்தனையோ தலைமுறைகள் அதன் முன்னே உட்கார்ந்து கை ஓய்ந்திருக்கின்றன. அசையாத கல்லை அசைத்தால் என்ன என்று நினைக்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு அந்த எந்திரத்தை 1978-இல் நான் வாங்கிக்கொண்டு போனேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. தமக்கை தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கல்லில் ஆட்டின மாவின் ருசி இதற்கு வராது" என்று சொல்லிக்கொண்டே ஊறவைத்த உளுந்தைக் கொண்டுவந்து போட்டாள். எந்திரம் ஓடத் தொடங்கிற்று. தமக்கை வழக்கம்போல அதன் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். வலக்கை தானாக நீண்டது. மாவைத் தள்ளுவதற்காக விரல்கள் குவிந்தன. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே பொருத்தியிருந்த தகடே அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது. கையைச் சிறிது நேரம் மடியில் வைத்துக்கொண்டு, கல் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி என்னடா செய்ய வேண்டும்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை, அக்கா. அரைமணி நேரம் சும்மா இருக்கலாம்" என்றேன்.

அவள் ஏதோ எண்ணிக்கொண்டு எழுந்தாள். திண்ணையில் கிடந்த அன்றைய நாளிதழை எடுத்துவந்து, தூணில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு, முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். உளுந்து பொங்கி விளிம்புவரை வந்துவிட்டது. நான் இருமுறை அவளை அழைத்தேன். அவள் காதில் விழவில்லை. நானே எழுந்து போய் எந்திரத்தை நிறுத்தினேன்.